அச்சேறாத செய்தி

பினாங்கு, ஈப்போ, கோலாலம்பூர் என்னும் பெயர்கள் நம்மவர் செவிக்கு அயலூர்ப் பெயர்களாக ஒலிப்பதில்லை. நம் கடற்கரை ஊர்களில் பாட்டனாரோ, அவர்தம் உடன்பிறந்தாரோ மலாய் நாட்டுக்குச் சபர் சென்று பொருளீட்டித் திரும்பாத குடும்பங்கள் அரியவை. அங்கிருந்து கடிதம் வந்த நாளில், அதைப் படிக்கத் தெரிந்தவரைச் சுற்றித் தெருவே கூடியிருந்த காலமும் உண்டு. ஒருவர் எழுதியதைப் பலர் நம்பிக் கேட்டனர். செய்தி என்பது அன்று ஓர் அமானிதமாகவே கருதப்பட்டது.

அந்நாட்டின் செய்தித்தாள் வரலாற்றிலும் நம் முன்னோருக்குப் பங்குண்டு. மலாய் மொழியின் முதல் செய்தி ஏடாகிய ‘ஜாவி பெரானாக்கான்’ 1876ஆம் ஆண்டு சிங்கப்பூரில் வெளிவந்தது. தென்னிந்திய முஸ்லிம் வணிகருக்கும் மலாய்ப் பெண்டிருக்கும் பிறந்த வழித்தோன்றல்களே ஜாவி பெரானாக்கான்கள் எனப்பட்டனர். அவர்களே அந்த ஏட்டை நடத்தினர். 1887ஆம் ஆண்டு மகதூம் சாயபு அவர்கள் ‘சிங்கைநேசன்’ என்னும் தமிழ் வார ஏட்டை அதே நகரில் தொடங்கினார்கள். ஆகவே, அந்நிலத்துப் பத்திரிகைகளுக்கு நேர்ந்த இன்ப துன்பங்களை அறிய முற்படுவது நமக்குத் தொடர்பில்லாத செயலாகாது.

அவ்வரலாற்றின் அண்மைக் கால அதிகாரம் ஒன்றை ஈண்டு எடுத்துரைக்க விழைகிறோம். அச்சு ஏட்டில் பணியாற்றி, அதை விட்டு விலகி, இணைய ஏட்டின் ஆசிரியராக அமர்ந்த ஒருவரின் கதை அது. அவர் பெயர் ஸ்டீவன் கான். மலேசியச் சீனர். அவர் நடத்திய ஏட்டின் பெயர் ‘மலேசியாகினி’. ‘கினி’ என்னும் மலாய்ச் சொல்லுக்கு ‘இப்போது’ என்பது பொருள்.

உரிமம் என்னும் கடிவாளம்

அவர் கதைக்குள் புகுமுன், அவர் பணியாற்றத் தொடங்கிய காலத்தில் அந்நாட்டுச் செய்தித்தாள்கள் எந்நிலையில் இருந்தன என்பதை அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

1939ஆம் ஆண்டு மலாய் மக்கள் தம் சிறு சேமிப்பைப் பங்குகளாக இட்டு ‘உத்துசான் மெலாயு’ என்னும் நாளேட்டை நிறுவினார்கள். வாடகை வண்டி ஓட்டியோரும் சிறு வேளாளரும்கூடப் பங்கு வாங்கியதாக அதன் வரலாறு கூறும். நாடு விடுதலை பெற்றபின், ஆளுங்கட்சியாகிய அம்னோ அதைத் தன் கைக்குள் கொண்டுவர முயன்றது. 1961ஆம் ஆண்டு அதன் ஆசிரியர் சைட் சஹாரியும் அவர்தம் தோழர்களும் அதை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தனர். ஏறத்தாழ மூன்று திங்கள் நீடித்த அப்போராட்டம் தோற்றது. ஏடு கட்சியின் உடைமையாயிற்று. சைட் சஹாரி பின்னர் 1963இல் சிங்கப்பூரில் கைது செய்யப்பட்டு, விசாரணையின்றிப் பதினேழு ஆண்டுகள் சிறையில் கழித்தார்.

அதன்பின் மெல்ல மெல்ல நாட்டின் பெரிய ஏடுகள் பலவும் ஆளுங்கூட்டணிக் கட்சிகளின் உடைமையாகவோ, அவற்றோடு உறவுடைய செல்வர்களின் உடைமையாகவோ மாறின. 1984ஆம் ஆண்டு அச்சகங்கள், வெளியீடுகள் சட்டம் இயற்றப்பட்டது. ஏடு நடத்துவோர் ஆண்டுதோறும் உள்துறை அமைச்சரிடம் உரிமம் பெற்றாக வேண்டும் என்பது 2012 வரை அதன் விதியாக இருந்தது. கொடுப்பதும் மறுப்பதும் அமைச்சரின் விருப்பமாக இருந்தது. 1987ஆம் ஆண்டு அக்டோபரில் நூற்றுக்கு மேற்பட்டோர் கைதான வேளையில், ‘தி ஸ்டார்’, ‘சின் சியூ ஜிட் போ’, ‘வாத்தான்’ ஆகிய மூன்று ஏடுகளின் உரிமங்களும் ஒருசேரப் பறிக்கப்பட்டன. சில திங்கள் கழித்து அவை மீண்டும் வெளிவந்தன. ஆனால் அந்தச் சில திங்கள் புகட்டிய பாடத்தை எந்தப் பத்திரிகை உரிமையாளரும் மறக்கவில்லை. அதன்பின் தணிக்கை அதிகாரி ஒருவர் அலுவலகத்தில் வந்து அமரவேண்டிய தேவையே எழவில்லை. அவர் ஒவ்வோர் ஆசிரியரின் உள்ளத்திலும் குடியேறிவிட்டார்.

ஐம்பத்தொன்பது உயிர்கள்

இத்தகைய சூழலில், 1990களின் நடுவே ‘தி சன்’ என்னும் ஆங்கில நாளேட்டில் ஸ்டீவன் கான் பணியாற்றி வந்தார். 1995ஆம் ஆண்டு அவரும் அவருடைய செய்தியாளர் குழுவினரும் ஓர் உண்மையைத் தோண்டி எடுத்தார்கள். கோலாலம்பூருக்குத் தெற்கே செமினி என்னும் ஊரில், உரிய ஆவணங்கள் இல்லாத வெளிநாட்டுத் தொழிலாளர்களை அடைத்து வைக்கும் முகாம் ஒன்று இருந்தது. அம்முகாமில் ஐம்பத்தொன்பது பேர் இறந்து போயிருந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் வங்காளதேசத்தவர். டைபாய்டும் பெரிபெரியும் அவர்களைக் கொன்றிருந்தன.

பெரிபெரி என்னும் நோயைப் பற்றி இங்கே சிறிது நின்று கூறுதல் தகும். உணவில் தயமின் என்னும் உயிர்ச்சத்துக் குறைவதால் நேரும் நோய் இது. கால்கள் வீங்கும், நரம்புகள் தளரும், முடிவில் இதயம் ஓயும். ஒரு நூற்றாண்டுக்கு முன் மலாய் நாட்டின் ஈயச் சுரங்கங்களில் இது ஆயிரக்கணக்கானோரை மாய்த்தது. மாண்டவருள் சீனத் தொழிலாளரே மிகுதி. அதே நாட்டில் உழைத்த தமிழ்த் தொழிலாளரை இந்நோய் அவ்வளவாக அண்டவில்லை. ஏன்? அங்குப் பணியாற்றிய பிராடன் என்னும் மருத்துவர் அதற்கு விடை கண்டார். சீனர் உண்டது நன்கு தீட்டிய பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கல் அரிசி. நெல்லைப் புழுக்கும்போது உமிக்கடியில் உள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. 1905ஆம் ஆண்டு வில்லியம் பிளெட்சர் என்னும் மருத்துவர் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் இதைச் சோதித்துப் பார்த்தார். நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குத் தீட்டிய அரிசியும் மறு பிரிவினருக்குப் புழுங்கல் அரிசியும் அளித்தார். தீட்டிய அரிசி உண்டவரிடையே பெரிபெரி பரவிப் பலர் மாண்டனர். புழுங்கல் அரிசி உண்டவரிடையே அது பரவவில்லை.

எந்த நகரத்தில் இந்நோயின் காரணம் உலகுக்குத் தெளிவாக்கப்பட்டதோ, அந்த நகரத்தின் அருகிலேயே, தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, அதே நோயால் மனிதர் மடிந்தார்கள் என்றால் அதை விதி என்று சொல்லிவிட முடியுமா? ஒரு பிடி நல்லுணவும் ஒரு மருத்துவரின் கவனமும் இருந்திருந்தால் தடுத்திருக்கக்கூடிய இறப்புகள் அவை. இறந்தவர்கள் யார்? பிழைப்பு நாடிக் கடல் கடந்தவர்கள். ஊரில் தாயும் மனைவியும் பணவிடைக்காகக் காத்திருக்க, அயல் மண்ணில் பெயரற்றவர்களாய்ப் போனவர்கள். சபர் சென்றவரின் குடும்பத்தில் பிறந்த எவருக்கும் இச்செய்தி நெஞ்சைச் சுடும்.

ஆனால் அச்செய்தி அச்சேறவில்லை. ‘தி சன்’ ஏடு அதை வெளியிட முன்வரவில்லை. செய்தியாளர்கள் தாம் திரட்டிய விவரங்களைத் ‘தெனாகனித்தா’ என்னும் தொழிலாளர் நல அமைப்பிடம் ஒப்படைத்தனர். அதன் தலைவி ஐரீன் பெர்னாண்டஸ். ரப்பர்த் தோட்டத்தில் வாழ்ந்த இந்தியக் குடும்பத்தில் பிறந்தவர். முந்நூறுக்கு மேற்பட்ட தொழிலாளர்களை அவருடைய அமைப்பு நேரில் கண்டு வாக்குமூலம் பெற்றது. 1995ஆம் ஆண்டிலேயே முகாம்களின் நிலையை விளக்கும் அறிக்கையை அவர் வெளியிட்டார்.

விளைவு என்ன? முகாம்களில் இறப்புகள் நேர்ந்ததை அரசுத் தரப்பும் பின்னர் ஒப்புக்கொண்டது. ஆயினும் 1996ஆம் ஆண்டு ஐரீன் பெர்னாண்டஸ் மீதே வழக்குத் தொடரப்பட்டது. தீய நோக்குடன் பொய்ச் செய்தி வெளியிட்டார் என்பது குற்றச்சாட்டு. அதற்குக் கையாளப்பட்டது முன்னர் நாம் கூறிய அதே 1984ஆம் ஆண்டுச் சட்டம். வழக்கு ஏழாண்டுகள் நடந்தது. 2003இல் அவருக்கு ஓராண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில், 2008ஆம் ஆண்டு நவம்பரில் அவர் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். ஓர் அறிக்கை எழுதியதற்காகப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கிய அப்பெருமாட்டி 2014ஆம் ஆண்டு மறைந்தார்.

இணையத்தில் திறந்த வாயில்

1996ஆம் ஆண்டு கோலாலம்பூரில் கிழக்குத் தைமூர் பற்றிய மாநாடு ஒன்று நடந்தது. ஆளுங்கட்சியைச் சார்ந்த கூட்டமொன்று அதனுள் புகுந்து குலைத்தது. காவல்துறை கைது செய்தோரில் செய்தி திரட்டச் சென்றோரும் இருந்தனர். ஸ்டீவன் கானும் சில நாட்கள் காவலில் வைக்கப்பட்டார். மனச்சான்றின் பொருட்டுச் சிறைப்பட்டவர் என்று அனைத்துலக மன்னிப்புக் கழகம் அவரை அறிவித்தது. பின்னர் அவர் ‘தி சன்’ ஏட்டை விட்டு விலகி, பாங்காக் நகரத்து ‘தி நேஷன்’ நாளேட்டில் தலையங்கம் எழுதும் பணியை மேற்கொண்டார்.

இதற்கிடையே மலேசியாவில் எதிர்பாராத வாயில் ஒன்று திறந்திருந்தது. பிரதமர் மகாதீர் முகமது அவர்கள் 1996இல் பல்லூடகப் பெருவழித் திட்டத்தை அறிவித்தார்கள். அமெரிக்கக் கணினி நிறுவனங்களின் முதலீட்டை ஈர்ப்பதற்காக, இணையத்தைத் தணிக்கை செய்வதில்லை என அரசு வாக்குறுதி அளித்தது. 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்திலும் அவ்வாக்குறுதி எழுத்தில் இடம்பெற்றது. அச்சு ஏட்டுக்கு உரிமம் வேண்டும், இணைய ஏட்டுக்கு வேண்டா என்னும் விந்தையான நிலை இவ்வாறு தோன்றியது. வணிகருக்கென வைத்த வாயில் அது. அதன் வழியே செய்தியாளர்கள் உள்ளே நுழைந்தார்கள்.

1998ஆம் ஆண்டு செப்டம்பரில் துணைப் பிரதமர் அன்வார் இப்ராஹிம் அவர்கள் பதவி நீக்கப்பட்டார்கள். நாடெங்கும் கிளர்ச்சி மூண்டது. தெருவில் கண்டதற்கும் ஏட்டில் படித்ததற்கும் இருந்த இடைவெளியை மக்கள் கண்கூடாகக் கண்டனர். ‘தி சன்’ ஏட்டில் தம்மோடு பணியாற்றிய பிரமேஷ் சந்திரனுடன் சேர்ந்து, 1999ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள் ஸ்டீவன் கான் ‘மலேசியாகினி’யைத் தொடங்கினார். பொதுத்தேர்தலுக்கு ஒன்பது நாட்களே எஞ்சியிருந்தன. சிறிய அலுவலகம், சிறு குழு, தென்கிழக்காசியப் பத்திரிகையாளர் அமைப்பொன்று அளித்த தொடக்க நிதி. வேறு முதல் எதுவும் அவர்களிடம் இருந்ததில்லை.

தொடங்கிய சில நாட்களிலேயே அவர்கள் ஓர் உண்மையை வெளியிட்டனர். பெரிய சீன நாளேடு ஒன்று ஆளுங்கூட்டணித் தலைவர்களின் பழைய படத்தை வெளியிட்டபோது, அதில் நின்ற அன்வாரின் உருவத்தை நீக்கி, அவ்விடத்தில் வேறொருவர் உருவத்தைப் பொருத்தியிருந்தது. மலேசியாகினி இரு படங்களையும் ஒப்பிட்டுக் காட்டியது. 2000ஆம் ஆண்டு, நியூயார்க்கில் இயங்கும் பத்திரிகையாளர் பாதுகாப்புக் குழு ஸ்டீவன் கானுக்கு அனைத்துலகப் பத்திரிகைச் சுதந்திர விருதை வழங்கியது.

அச்சு ஏட்டில் பழகிய ஒருவருக்கு இணைய ஏடு எளிய பணியாக இருந்திருக்கும் என்று நினைத்தல் தவறு. அச்சு ஏட்டின் ஆசிரியருக்கு நாள் ஒன்றுக்கு ஒரு முடிவு உண்டு. இரவு பக்கங்கள் அச்சுக்குப் போனதும் அவர் வீடு திரும்பலாம். இணையத்தில் அந்த இரவு வருவதில்லை. செய்தி கிடைத்த மணியிலேயே அதை ஆராய்ந்து, சரிபார்த்து, வெளியிட்டாக வேண்டும். பிழையை உடனே திருத்தலாம் என்பது வசதி. அதற்குள் அப்பிழை ஆயிரம் பேரைச் சென்றடைந்துவிடும் என்பது ஆபத்து. போதாக்குறைக்கு, மலேசியாகினியின் செய்தியாளர்களுக்கு அரசு அங்கீகார அட்டை மறுக்கப்பட்டது. அரசின் செய்தியாளர் கூட்டங்களிலிருந்து அவர்கள் வெளியேற்றப்பட்டதும் உண்டு. உரிமம் தேவையில்லாத ஏடு என்பதே, அங்கீகாரம் இல்லாத ஏடு என்னும் பழிக்கும் காரணமாயிற்று.

வாசகர் கையில் தராசு

இணைய ஏட்டுக்கு உரிமத்தை விடப் பெரிய இடர் வேறொன்று இருந்தது. அதுதான் வருவாய். அரசின் சினத்துக்கு ஆளான ஏட்டுக்கு விளம்பரம் கொடுக்க எந்த வணிகர் துணிவார்? வெளிநாட்டு நிதியை எத்தனை நாள் நம்புவது? அந்நிதியைக் காட்டியே அந்நியரின் கையாள் என்னும் குற்றச்சாட்டும் எழுந்தது. 2002ஆம் ஆண்டு மலேசியாகினி துணிந்து ஒரு முடிவெடுத்தது. படிப்பவர் சந்தா செலுத்த வேண்டும் என அறிவித்தது. இணையத்தில் எல்லாம் இலவசம் என்று உலகமே நம்பியிருந்த காலம் அது. வாசகர் எண்ணிக்கை சரிந்தது. எனினும் பணம் கொடுத்துப் படிக்கும் ஒரு கூட்டம் நிலைத்து நின்றது.

அக்கூட்டத்தின் வலிமை அடுத்த ஆண்டே சோதிக்கப்பட்டது. பெயர் வெளியிடாத வாசகர் ஒருவரின் கடிதம், மலாய் மக்களுக்கான சிறப்புரிமைகளைக் குறைகூறுவதாக அம்னோ இளைஞர் பிரிவு புகார் செய்தது. 2003ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் நாள் காவல்துறையினர் அலுவலகத்துள் புகுந்து பத்தொன்பது கணினிகளை எடுத்துச் சென்றனர். கடிதம் எழுதியவர் யார் என்று கேட்டனர். ஆசிரியர் சொல்ல மறுத்துவிட்டார். சில மணி நேரத்தில் தளம் மீண்டும் இயங்கியது. மெழுகுவத்தி ஏந்தி ஆதரவு தெரிவிக்க வாசகர்கள் அலுவலகத்தின் முன் திரண்டனர்.

2008ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள் நடந்த பொதுத்தேர்தலில் ஆளுங்கூட்டணி நாடாளுமன்றத்தில் மூன்றில் இரு பங்குப் பெரும்பான்மையை இழந்தது. இணையத்தைப் பொருட்படுத்தாமல் விட்டது பெரும் பிழை எனப் பிரதமர் அப்துல்லா அகமது படாவி அவர்களே பின்னர் ஒப்புக்கொண்டார்கள். 2010இல் மலேசியாகினி அச்சு ஏடு நடத்த உரிமம் கேட்டது. மறுக்கப்பட்டது. 2012இல் உயர்நீதிமன்றம் அம்மறுப்பைச் செல்லாததாக்கியது. 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. ஏடு வெளியிடுவது அரசு அருளும் சலுகையன்று, குடிமகனின் கருத்துரிமையைச் சார்ந்தது என்னும் கருத்து அந்நாட்டு நீதிமன்றத்தில் அன்று ஒலித்தது. 2016ஆம் ஆண்டு நவம்பரில், அரசுத் தலைமை வழக்குரைஞரைக் குறைகூறிய ஒருவரின் பேட்டிப் படத்தை வெளியிட்டதற்காக ஸ்டீவன் கான் மீது வழக்குப் பதிவாயிற்று. இம்முறை கையாளப்பட்டது 1998ஆம் ஆண்டுத் தொடர்புச் சட்டம். தணிக்கை இல்லை என்று வாக்களித்த அதே சட்டம்! 2018இல் ஆட்சி மாறியபின் அவ்வழக்குக் கைவிடப்பட்டது.

ஆட்சி மாறினால் அல்லல் தீர்ந்துவிடும் என்று எண்ணியிருந்தோர்க்கு 2021ஆம் ஆண்டு வேறொன்றைக் காட்டியது. 2020 ஜூன் மாதம் ஒரு செய்தியின் கீழ் வாசகர் ஐவர் நீதித்துறையை இழித்து எழுதியிருந்தனர். காவல்துறை தெரிவித்தவுடன் அவை நீக்கப்பட்டன. ஆயினும் 2021 பிப்ரவரி 19ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றம், ஆறு நீதிபதிகளின் பெரும்பான்மையோடு, அந்நிறுவனம் நீதிமன்ற அவமதிப்புக் குற்றம் புரிந்ததாகத் தீர்ப்பளித்தது. நீதிபதி நளினி பத்மநாதன் அவர்கள் மட்டும் மாறுபட்டார்கள். ஆசிரியர் ஸ்டீவன் கான் விடுவிக்கப்பட்டார். நிறுவனத்துக்கு 5,00,000 ரிங்கிட் அபராதம் விதிக்கப்பட்டது. அரசுத் தரப்பு கேட்டதோ 2,00,000தான்.

அன்று நிகழ்ந்ததைத்தான் நாம் சிறப்பாக நினைவிற் கொள்ள வேண்டும். மலேசியாகினி வாசகர்களிடம் உதவி கோரியது. ஒருசில மணி நேரத்தில் முழுத்தொகையும் சேர்ந்துவிட்டது. அந்தி சாய்வதற்குள் ஆயிரக்கணக்கானோர் தம்மால் இயன்றதை அனுப்பியிருந்தனர். 1939இல் பங்கு வாங்கிய வண்டியோட்டியின் பேரப்பிள்ளைகளும் அவர்களுள் இருந்திருக்கலாம்.

மலேசியாகினி குறையே இல்லாத ஏடு என்று நாம் சொல்ல வரவில்லை. தங்கச் சுரங்கம் ஒன்றைப் பற்றி அது வெளியிட்ட செய்திகள் அவதூறானவை என 2021 ஜூலையில் கூட்டரசு நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பு வழங்கியது. வாசகர் எழுத்தை வெளியிடும் ஏடு, அதைக் கண்காணிக்கும் கடமையையும் ஏற்றாக வேண்டும். நாவுக்கு இருக்கும் பொறுப்பு எழுதுகோலுக்கும் உண்டு, விசைப்பலகைக்கும் உண்டு.

ஆயினும் இக்கதையின் தொடக்கத்தை மறத்தலாகாது. ஒரு முகாமில் ஐம்பத்தொன்பது பேர் இறந்தனர். அதை அறிந்திருந்த ஏடு வாய்மூடி நின்றது. அந்த ஏட்டை மட்டும் பழித்துப் பயனென்ன? அதன் உரிமம் அமைச்சர் கையில் இருந்தது. அதன் வருவாய் விளம்பரம் தருவோர் கையில் இருந்தது. வாசகரோ, சில காசுகளுக்கு வாங்கிப் படித்து மடித்து வைத்துவிட்டுச் சென்றனர். உண்மையைச் சொல்லுமாறு அந்த ஏட்டைக் கேட்கும் வலிமை உடையோர் எவரும் அன்று அதன் பக்கத்தில் இல்லை. கால் நூற்றாண்டு கழித்து, வேறோர் ஏட்டின் பக்கத்தில் அத்தகையோர் ஆயிரக்கணக்கில் நின்றனர். அச்சிலிருந்து இணையத்துக்கு மாறியது கருவியின் மாற்றம். காத்து நின்றவர் வாசகர்.

நம் இல்லங்களிலும் இன்று செய்தி கைப்பேசியில் வந்து குவிகிறது. விலையின்றி வருகிறது. யார் அனுப்பினார், யார் சரிபார்த்தார் என்று நாம் கேட்பதில்லை. விலையின்றி வரும் செய்திக்கும் எங்கோ ஒருவர் விலை கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். அவர் யார் என்று எண்ணிப் பார்ப்போமா? உண்மை உரைக்கும் ஏடு, சிறிதோ பெரிதோ, நம் ஊரில் ஒன்று இருக்குமாயின், அதன் சந்தாவை இம்மாதமேனும் நிலுவையின்றிச் செலுத்திவிடுவோம். செமினி முகாமில் பெயரின்றி மாண்டவருக்கு நாம் ஆற்றக்கூடிய கைம்மாறு அதுவாகவே இருக்கட்டும்.